அண்ணனுக்குப் பெரிய பதவி வேண்டாம் என்ற பேரரசி: ஜாங்சுன் வூஜியின் அரசு வாழ்க்கை

பனையோலை:
சீனாவின் தாங் பேரரசில் 626 முதல் 659 வரை அதிகாரத்தின் உச்சியிலேயே இருந்தவர் ஜாங்சுன் வூஜி. முதலில் பேரரசர் தைசோங்கின் மைத்துனர், அப்புறம் பேரரசர் காவ்சோங்கின் தாய்மாமன். இவர் மேல் மூன்று தடவை புகார் போயிருக்கிறது. அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் மனிதருடைய கதை முழுதும் விளங்கிவிடும்.

முதல் தடவை, தைசோங் காலம். வூஜிக்குச் செல்வாக்கு மிதமிஞ்சிப் போய்விட்டது என்று யாரோ ரகசிய மனு எழுதினார்கள். பேரரசர் அந்த மனுவை வூஜியிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னார். நம் இருவருக்கும் நடுவில் ஒளிவுமறைவு கூடாது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம்.

இரண்டாம் தடவை 650 தொடக்கத்தில். காவ்சோங் அப்போதுதான் அரியணை ஏறியிருந்தார். லுவோயாங்கைச் சேர்ந்த லி ஹோங்தாய் என்பவர், வூஜி ராஜத்துரோகத்துக்குத் திட்டம் போடுகிறார் என்று புகார் கொடுத்தார். இளம் பேரரசர் யோசிக்கக்கூட இல்லை. புகார் கொடுத்தவர் தலையை உடனே வெட்டச் சொன்னார்.

மூன்றாம் தடவை 659இல். அதே குற்றச்சாட்டு, அதே காவ்சோங். இந்தத் தடவை மாமனை ஒரு முறைகூட நேரில் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. பட்டங்களைப் பறித்துத் தொலைதூர மலைநாட்டுக்கு அனுப்பினார். மூன்று மாதத்தில் மாமன் தூக்கில் தொங்கினார்.

இந்தப் பத்து வருடத்தில் என்ன மாறியது? நான் சொல்வது இதுதான்: வூஜிக்குத் திறமை இருந்தது, விசுவாசமும் இருந்தது. ஆனால் அவர் நின்ற தரை உறவு மட்டுமே. அது எவ்வளவு தூரம் தாங்கும் என்று அவருடைய தங்கைக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் கருத்தையும் சொல்லுங்கள்.

புதுமழை:
எனக்குத் தாங் வரலாறு புதிது. இவர்கள் எந்தக் குடும்பம்? பெண்ணைக் கொடுத்ததால் பெரியவர்கள் ஆனவர்களா, இல்லை முதலிலிருந்தே பெரிய வீடா?

பனையோலை:
பெரிய வீடுதான், ஆனால் நொடித்துப்போன கிளை. ஜாங்சுன் குலம் சியன்பெய் வழி வந்தது, வட வெய் அரச குலத்தின் ஒரு கிளை. அப்பா ஜாங்சுன் ஷெங், தாங்குக்கு முந்தைய சுய் அரசின் தளபதி, துருக்கியர் விவகாரத்தில் கெட்டிக்காரர். இறைச்சித் துண்டுக்காகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த இரண்டு பெரிய கழுகுகளைச் சுடச் சொல்லித் துருக்கியத் தலைவர் இரண்டு அம்பு கொடுத்தாராம். இவர் ஒரே அம்பில் இரண்டையும் கோத்துவிட்டார்.

அவர் 609இல் இறந்ததும் மூத்த தாரத்து மகன் ஆன்யே, வூஜியையும் தங்கையையும் தாயோடு சேர்த்து வீட்டைவிட்டுத் துரத்தினார். தாயின் அண்ணன் காவ் ஷிலியன்தான் இவர்களை எடுத்து வளர்த்தார். அந்தத் தாய்மாமன்தான் தங்கையை லி ஷிமினுக்குக் கட்டிக்கொடுத்தவரும். பெண்ணுக்கு அப்போது 13 வயது. மாப்பிள்ளை வருங்காலப் பேரரசர் தைசோங் என்று யாருக்கும் தெரியாது. சுய் அரசு அப்போது உயிரோடு இருந்தது.

617இல் மாப்பிள்ளையின் அப்பா லி யுவான் கலகக்கொடி தூக்கியபோது வூஜி போய்ச் சேர்ந்துகொண்டார். லி ஷிமினும் அவரும் சிறுவயதிலிருந்தே சினேகிதர்கள் என்பதையும் மறக்கக்கூடாது. வெறும் மைத்துனர் உறவு இல்லை அது.

626இல் சுவான்வூ வாயிலில் லி ஷிமின் தன் அண்ணனையும் தம்பியையும் கொன்றாரே, அந்தத் திட்டத்தில் வூஜி நடுநாயகம். லி ஷிமினின் ஆலோசகர்கள் ஃபாங் சுவான்லிங், டு ருஹுய் இருவரையும் லி ஷிமினோடு பேசவே கூடாது என்று அரண்மனை தடுத்து வைத்திருந்தது. தாவோ துறவி வேடம் போட வைத்து, இரவோடு இரவாக வூஜியோடுதான் அவர்களை உள்ளே கூட்டி வந்தார்கள்.

செண்பகம்:
பனையோலை ஐயா சொன்ன ‘தங்கைக்குத் தெரிந்திருந்தது’ என்பதை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். பேரரசி ஜாங்சுன் இந்தக் கதையின் ஓரத்தில் நிற்கிறவர் இல்லை, மையமே அவர்தான்.

627இல் தைசோங் வூஜியை நிர்வாகத் துறையின் துணைத் தலைவர் ஆக்கினார். அந்தத் துறையின் தலைவர் பதவியில் ஒரு காலத்தில் தைசோங்கே இருந்ததால், அப்புறம் அதை வேறு யாருக்கும் கொடுக்காமல் காலியாகவே வைத்திருந்தார்கள். ஆகவே துணைத் தலைவர்தான் உண்மையில் தலைமை அமைச்சர். பேரரசி இதை எதிர்த்தார். எனக்கு இந்த அரண்மனையில் கிடைக்க வேண்டிய கௌரவமெல்லாம் கிடைத்துவிட்டது, என் அண்ணன் தம்பி பிள்ளைகளெல்லாம் சபையில் வரிசையாக நிற்க வேண்டாம், ஹான் காலத்து லூ குடும்பமும் ஹுவோ குடும்பமும் எலும்புவரை உறைக்கிற பாடம் என்றார். பேரரசர் கேட்கவில்லை. அவர் அண்ணனிடமே ரகசியமாகச் சொல்லி ராஜினாமா செய்ய வைத்தார். 628 தொடக்கத்தில் வூஜி அந்தப் பதவியிலிருந்து இறங்கி, வேலை இல்லாத கௌரவப் பட்டம் ஒன்றோடு இருந்தார்.

லூ, ஹுவோ இரண்டு குடும்பங்களும் அரசியைக் கொடுத்து ஆட்சியைப் பிடித்தவை, கடைசியில் வேரோடு அழிக்கப்பட்டவை. பேரரசி அவ்வளவு பழைய கதைக்குப் போயிருக்கவே வேண்டாம். சுய் அரசைத் தொடங்கிய யாங் ஜியனே முந்தைய வட ஜோவ் பேரரசரின் மாமனார்தான். 581இல் பேரன் முறையில் இருந்த சிறுவனிடமிருந்து ஆட்சியைப் பிடுங்கினார். வூஜியின் அப்பா சம்பளம் வாங்கியது அந்த யாங் ஜியனிடம். பெண் கொடுத்த வீடு என்ன செய்யும் என்பது இந்த அண்ணன் தங்கைக்கு வீட்டுக் கதை.

இன்னொன்று. இவர்களைச் சிறுவயதில் துரத்திவிட்ட அந்த ஆன்யே, 627 வாக்கில் ஒரு சதி வழக்கில் மாட்டிக்கொண்டார். மரண தண்டனை. பேரரசி கண்ணீரோடு அவருக்காக மன்றாடினார். ஆன்யே செத்தால் நான் பழிவாங்கிவிட்டேன் என்றுதான் உலகம் சொல்லும், அது உங்களுக்கும் இழுக்கு என்றார். தலை தப்பியது, தொலைதூரத்துக்கு அனுப்பப்பட்டார். வெளியிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று யோசிக்கிற அந்தக் கண் அண்ணனுக்கு வாய்க்கவில்லை.

636இல் சாகும் தறுவாயிலும் அவர் கேட்டது இதையே. என் பிறந்த வீட்டார் தகுதியால் மேலே வந்தவர்கள் இல்லை, உறவால் வந்தவர்கள். அவர்கள் நிலைக்க வேண்டுமானால் அதிகாரப் பதவி கொடுக்காதீர்கள், திருநாட்களில் சபைக்கு வந்து வணங்கிப்போகிற அளவு போதும் என்றார்.

புதுமழை:
அப்படியும் அவர் மேலே போய்க்கொண்டே இருந்தாரே?

பனையோலை:
ஆமாம். 633இலேயே ‘முப்பெரும் பதவி’களில் ஒன்று கொடுத்தார்கள். வூஜி மறுத்தார். பேரரசர் விடவில்லை. தகுதி இல்லாவிட்டால் சொந்தக்காரன் ஆனாலும் நான் பதவி கொடுப்பதில்லை, தகுதி இருந்தால் பகைவனானாலும் விடுவதில்லை, வெய் ஜெங்கைப் பாருங்கள் என்றார். வெய் ஜெங், தைசோங் கொன்ற அண்ணனுக்கு ஆலோசகராக இருந்தவர். 642இல் அதே முப்பெரும் பதவிகளில் இன்னொன்று. 643இல் லிங்யான் மண்டபத்தில் அரசை நிலைநிறுத்திய 24 பேருடைய படத்தை ஓவியர் யான் லிபென் வரைந்தாரே, அதில் முதல் இடம் வூஜிக்கு.

இந்தப் பதவிகளைப் பற்றி ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். முப்பெரும் பதவி என்பது முதல் தரம், மரியாதை உச்சம், ஆனால் கையெழுத்துப் போட ஒரு கோப்பும் கிடையாது. உண்மையான வேலை மூன்று துறைகளில் நடந்தது: ஒன்று ஆணையை எழுதும், இன்னொன்று சரிபார்த்துத் திருப்பி அனுப்பவும் செய்யும், மூன்றாவது ஆறு அமைச்சகங்களைக் கொண்டு நிறைவேற்றும். தைசோங் கொஞ்ச காலம் தங்கை சொன்னதற்குப் பாதி மதிப்புக் கொடுத்தார் என்றே சொல்லலாம்: பட்டம் பெரிது, நாற்காலி காலி. ஆனால் 645இல் கொரியப் பக்கத்துக் கொகுர்யோ அரசின் மேல் தைசோங் படையெடுத்தபோது வூஜி சரிபார்க்கும் துறையைக் கவனித்தார். 648இல் ஆணை எழுதும் துறையின் பொறுப்புத் தலைவர், மற்ற இரண்டு துறைகளும் அவர் மேற்பார்வையில். மூன்றும் ஒரே கையில் வந்துவிட்டன. பேரரசி இறந்து 12 வருடம் ஆகியிருந்தது.

தைசோங் 644இல் தன் அமைச்சர்களை ஒவ்வொருவராக எடைபோட்டார். வூஜியைப் பற்றிச் சொன்னது: சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல் விலகி நடப்பதில் கெட்டிக்காரர், மின்னல் வேகத்தில் முடிவெடுப்பார், படை நடத்த மட்டும் வராது.

வழக்காடு:
சட்டம் படித்தவன் என்ற முறையில் எனக்கு வூஜி என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஒரு கத்தி.

627இல் பேரரசர் கூப்பிட்டனுப்ப, இவர் இடுப்பில் வாளோடு அரண்மனை உள்வாசலுக்குள் நுழைந்துவிட்டார். வாயிற்காவல் அதிகாரி கவனிக்கவில்லை, திரும்பி வெளியே வரும்போதுதான் பார்த்தார். அமைச்சர் ஃபெங் தேயி தீர்ப்புச் சொன்னார்: காவல் அதிகாரிக்கு மரண தண்டனை, வூஜிக்கு இரண்டு வருடத் தண்டனையும் இருபது ஜின் செம்பு அபராதமும். நீதித்துறையிலிருந்த டாய் ஜோவ் எழுந்து மறுத்தார். இருவருமே கவனக்குறைவால் செய்ததுதான், ஒருவன் பிழைப்பதும் ஒருவன் சாவதும் எப்படி என்றார். தைசோங், சட்டம் என் ஒருவனுடையது இல்லை, உலகத்துடையது, வூஜி என் சொந்தக்காரர் என்பதற்காக அதை வளைக்க முடியுமா என்று ஒத்துக்கொண்டார். ஆனால் மறுபடி விவாதித்தபோதும் ஃபெங் தேயி பிடித்த பிடியை விடவில்லை. டாய் ஜோவ் திரும்பவும் மல்லுக்கு நின்றார். காவல் அதிகாரி தலை தப்பியது.

இப்போது கேளுங்கள். இதே வூஜிதான் பின்னால் தாங் சட்டத் தொகுப்பைச் செய்தவர்களில் தலையானவர். 637 தொகுப்பில் ஃபாங் சுவான்லிங்கோடு இருந்தார். 653இல் 30 பகுதிகள் கொண்ட உரையோடு சட்டத்தைப் பேரரசரிடம் சமர்ப்பித்தது இவர் தலைமையிலான குழு. கிழக்காசியா முழுக்க, ஜப்பான், கொரியா, வியட்நாம் வரை, பழைய சட்டங்களுக்கு அதுதான் மூலம்.

அந்தச் சட்டத்தில் எட்டு வகையினருக்குச் சலுகை உண்டு. மரண தண்டனைக் குற்றம் ஆனாலும் சாதாரண நீதிபதி தீர்ப்பெழுத முடியாது. பெரிய அதிகாரிகள் கூடி விவாதித்துப் பேரரசரிடம் கொண்டுபோக வேண்டும். அந்த எட்டில் முதல் வகை யார் தெரியுமா? பேரரசரின் உறவினர். வூஜி உறவினர் வகையிலும் வருவார், நெடுநாள் நண்பர் வகையிலும் வருவார், பெருந்தொண்டு செய்தவர் வகையிலும் வருவார்.

ஆனால் ஒரு விதிவிலக்கு. ‘பத்துப் பெருங்குற்றம்’ என்று ஒரு பட்டியல் உண்டு. அதில் ஒன்றைச் செய்தால் இந்தச் சலுகை கிடையாது. பட்டியலில் முதலாவது ராஜத்துரோகத் திட்டம். ஆகவே வூஜியைப் பிடிக்க நினைத்தவர்கள் லஞ்சம், அதிகார மீறல் என்று எதையும் எழுதவில்லை. அவர் பெயரில் வெளியான சட்டமே எந்தக் கதவைத் திறந்து வைத்திருந்ததோ அந்தக் கதவு வழியாகத்தான் வந்தார்கள்.

வடக்குவாசல்:
வழக்காடு அண்ணே, அருமையாகச் சொன்னீர்கள். ஆனால் அந்தக் கதவை முதலில் பயன்படுத்தியது வூஜிதானே? இங்கே எல்லோரும் அவரைப் பாவம் என்கிற மாதிரி பேசுவதால் மறுபக்கத்தையும் வைக்கிறேன்.

643க்குப் போவோம். பட்டத்து இளவரசன் லி செங்சியன் சதியில் சிக்கிப் பதவி இழந்தான். அடுத்தவன் லி தாய், புத்திசாலி, அப்பாவின் செல்லம். மூன்றாவது சாதுவான பையன், வயது 15, பிற்கால காவ்சோங். மூவரும் பேரரசி ஜாங்சுன் பெற்ற பிள்ளைகள், வூஜிக்கு மூவருமே மருமகன்கள். தைசோங் மனம் உடைந்து கட்டிலில் விழுந்து, வாளை உருவித் தன்னைக் குத்திக்கொள்ளப் போனார். வூஜியும் மற்றவர்களும் பிடித்து வாளைப் பிடுங்கி அந்தச் சாதுப் பையன் கையில் கொடுத்தார்கள். என்ன செய்யலாம் என்று பேரரசர் கேட்டபோது வூஜி அவன் பெயரைத்தான் சொன்னார். தைசோங் பையனிடம், உன் மாமா உனக்குச் சம்மதம் கொடுத்துவிட்டார், கும்பிட்டு நன்றி சொல் என்றார்.

தாய்மாமன் ஏன் கெட்டிக்காரனை விட்டுச் சாதுவைப் பிடித்தார்? எனக்குப் பதில் தெளிவாகவே இருக்கிறது. லி தாய்க்கு மாமன் தேவைப்பட மாட்டார்.

அப்புறம் தைசோங்குக்கே சந்தேகம் வந்து, இவன் மிகவும் மென்மையானவன், லி கே என்னைப் போல இருக்கிறான் என்று யோசித்தார். லி கே வேறு மனைவிக்குப் பிறந்தவர், தாய் சுய் பேரரசரின் மகள். வூஜி கடுமையாக எதிர்த்தார். அவன் உன் சொந்த மருமகன் இல்லை என்பதாலா என்று பேரரசர் முகத்துக்கு நேரே கேட்டார்.

அந்த லி கேயின் முடிவு 653இல். ஃபாங் சுவான்லிங்கின் மகன் ஃபாங் யியாயும் அவர் மனைவி காவ்யாங் இளவரசியும் ஒரு சதி வழக்கில் சிக்கினார்கள். விசாரணை வூஜி கையில். ஃபாங் யியாய் தன் உயிர் தப்பும் என்ற ஆசையில் லி கே பெயரையும் இழுத்துவிட்டார். ஃபாங் யியாயும் தப்பவில்லை. லி கேயைத் தற்கொலை செய்ய வைத்தார்கள். காவ்சோங் அழுதுகொண்டே, ஒருவர் (அதே வழக்கில் சிக்கிய லி யுவான்ஜிங்) என் சித்தப்பா, ஒருவர் என் அண்ணன், உயிரையாவது விடக்கூடாதா என்று சபையில் கெஞ்சினார். பேரரசர் கெஞ்சினார்! முடியாது என்றார்கள். சாகும்போது லி கே, ஜாங்சுன் வூஜி அதிகாரத்தைத் திருடி நல்லவர்களைக் கொல்கிறான், முன்னோர் ஆவிக்குச் சக்தி இருந்தால் இவன் குலம் சீக்கிரமே அழியும் என்று சபித்தார்.

25 வயதுப் பேரரசர் அன்று கற்றுக்கொண்டார், ‘துரோகம்’ என்று ஒரு தாளில் எழுதினால் தன் கண்ணீரால்கூட யாரையும் காப்பாற்ற முடியாது என்று.

செண்பகம்:
லி கே விஷயத்தில் வூஜியை நியாயப்படுத்த எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் ‘மாமன் தேவைப்பட மாட்டார்’ என்பது பாதிதான். லி தாய் பட்டத்துக்கு வந்திருந்தால் மற்ற இரண்டு சகோதரர்களும் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள், சாதுப் பையன் வந்தால் மூவரும் பிழைப்பார்கள் என்று தைசோங்கே சொன்னார். தங்கை பெற்ற மூன்று பிள்ளைகளும் பிழைக்க வேண்டும் என்ற எண்ணம் தாய்மாமனுக்கு இருந்திருக்காதா?

வடக்குவாசல்:
இருந்திருக்கலாம். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம்.

புதுமழை:
பிற்காலத்தில் தானே பேரரசராகி ஆண்ட வூ செதியன் எங்கே வருகிறார்?

பனையோலை:
இங்கேதான். 649இல் தைசோங் சாகும்போது மகனை வூஜியிடமும் அமைச்சர் சூ சுயிலியாங்கிடமும் ஒப்படைத்தார். வூஜியை யாரும் கோள்சொல்லிக் கெடுக்காமல் பார்த்துக்கொள் என்று சூ சுயிலியாங்கிடம் தனியாகவும் சொன்னார். முதல் ஐந்தாறு வருடம் நல்லாட்சி, அதில் வூஜிக்குப் பெரிய பங்கு. அவர் கறுப்பு ஆட்டுக்கம்பளியில் ஒரு தொப்பி செய்து போட்டால் ஊரே அதைப் போட்டது, ‘ஜாவ் பிரபு தொப்பி’ என்று அதற்குப் பெயர் (ஜாவ் பிரபு என்பது வூஜியின் பட்டம்). அந்த அளவு செல்வாக்கு.

654 வாக்கில் காவ்சோங் பேரரசி வாங்கை நீக்கிவிட்டு வூ செதியனைப் பேரரசி ஆக்க நினைத்தார். அதற்கு மாமன் தலையசைக்க வேண்டும். பேரரசரே வூ செதியனையும் கூட்டிக்கொண்டு மாமன் வீட்டுக்கு விருந்துக்குப் போனார். வூஜியின் துணைவி பெற்ற மூன்று மகன்களுக்கு அந்த இடத்திலேயே அரசுப் பதவி. கூடவே பத்து வண்டி நிறையத் தங்கமும் பட்டும். பிறகு, பேரரசி வாங்குக்குப் பிள்ளை இல்லையே என்று பேச்சைத் தொடங்கினார். வூஜி வேறு ஏதோ பேசினார். பேரரசர் மறுபடி ஜாடையாகச் சொன்னார். மறுபடியும் வேறு பேச்சு.

இந்த விருந்து என்னை விடவே மாட்டேன் என்கிறது. வூஜி ‘முடியாது’ என்று சொல்லியிருந்தால் அது எதிர்ப்பு. ‘ஆகட்டும்’ என்றால் சம்மதம். பிள்ளைகளுக்குப் பதவியையும் வண்டிப் பொருளையும் எடுத்துக்கொண்டு பதில் மட்டும் சொல்லாமல் விட்டார். வூ செதியன் அதே அறையில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவருக்கு ஒரு பகைவர் கிடைத்தார், பேரரசருக்கு ஓர் அவமானம் கிடைத்தது.

655இல் நேரடி மோதல். சூ சுயிலியாங் கையிலிருந்த சபைப் பலகையைப் படியில் வைத்துவிட்டு, தலையைத் தரையில் மோதி ரத்தம் வர எதிர்த்தார். திரைக்குப் பின்னாலிருந்து வூ செதியன், இவனை அடித்துக் கொல்லக் கூடாதா என்று கத்தினார். முன்னாள் பேரரசரின் கடைசி ஆணை பெற்றவரைத் தண்டிக்க முடியாது என்று வூஜி தடுத்தார். தளபதி லி ஜி அன்று சபைக்கே வரவில்லை. பின்னால் பேரரசர் கேட்டபோது, இது உங்கள் வீட்டு விவகாரம், வெளியாளிடம் ஏன் கேட்கிறீர்கள் என்றார். அத்தோடு முடிந்தது. வூ செதியன் பேரரசி. சூ சுயிலியாங் தெற்கே தெற்கே தள்ளப்பட்டு, இன்றைய வியட்நாமின் தான் ஹோவா பகுதியில் இறந்தார்.

வழக்காடு:
659ஐ நான் சொல்கிறேன். இரண்டு கீழ்நிலை அதிகாரிகள் கூட்டுச் சேர்ந்ததாக ஒரு சின்ன வழக்கு. விசாரித்தவர் ஷூ ஜிங்சோங், வூ செதியனின் ஆள். குற்றம் சாட்டப்பட்ட வெய் ஜிஃபாங் விசாரணைக் கெடுபிடியில் தற்கொலைக்கு முயன்றார். உடனே ஷூ ஜிங்சோங், இவன் வூஜியோடு சேர்ந்து துரோகம் செய்ததால்தான் சாகப் பார்த்தான் என்று எழுதிவிட்டார்.

காவ்சோங் அழுதார். எங்கள் குடும்பத்துக்கு என்ன கேடு, முன்பு காவ்யாங், இப்போது மாமா என்றார். மறுபடி விசாரிக்கச் சொன்னார். மறுநாளும் அதே அறிக்கை. மாமனைக் கொன்றால் பிற்காலம் என்னை என்ன சொல்லும் என்று கேட்டபோது, ஷூ ஜிங்சோங் ஒரு முன்னுதாரணம் வைத்திருந்தார்: ஹான் பேரரசர் வென், கொலை செய்த தன் தாய்மாமன் போ ஜாவ்வை எப்படித் தண்டித்தார் தெரியுமா? அமைச்சர்களைத் துக்க உடையில் அவர் வீட்டுக்கு அனுப்பி அழ வைத்தார், அவர் தற்கொலை செய்துகொண்டார். இன்றுவரை வென் நல்ல அரசர் என்றுதானே சொல்கிறார்கள்?

வாக்குமூலம் இல்லை, சாட்சி இல்லை, நேருக்குநேர் விசாரணை இல்லை. 627இல் ஒரு வாயிற்காவலருக்காகச் சபை இரண்டு முறை கூடி விவாதித்தது. 659இல் முதல் அமைச்சருக்காக ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படிப் பேசக்கூடியவர்கள் எல்லோரும் முன்பே ஊரைவிட்டு அனுப்பப்பட்டிருந்தார்கள்.

அவரை அனுப்பிய இடம் சியன்ஜோவ், இன்றைய சோங்சிங் பகுதியின் பெங்ஷுய். விசித்திரம் பாருங்கள், முதல் தர அதிகாரிக்குரிய சாப்பாட்டுப் படி அங்கேயும் தொடர்ந்தது. அதே வருடம் வழக்கை ‘மறுபடி விசாரிக்க’ யுவான் கோங்யு என்ற அதிகாரியை அனுப்பினார்கள். அவர் போய்த் தூக்குப் போட்டுக்கொள்ள வைத்தார்.

புதுமழை:
பிள்ளைகள்?

செண்பகம்:
மூத்த மகன் ஜாங்சுன் சோங் தன் அத்தை மகளைக் கட்டியவர். அதாவது தைசோங்கின் செல்ல மகள் சாங்லே இளவரசி. அந்தக் கல்யாணத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு சீர் கொடுக்கப்போன பேரரசரை வெய் ஜெங் தடுத்தார். பேரரசி கோபப்படுவதற்குப் பதில் வெய் ஜெங்குக்குப் பரிசு அனுப்பினார். அந்த மருமகன், பேரரசர் காவ்சோங்குக்குச் சொந்த அக்காள் கணவன், லிங்நான் என்ற தென்கோடிக்கு அனுப்பப்பட்டார். குடும்பச் சொத்து பறிமுதல்.

வடக்குவாசல்:
வடமேற்குப் பிரபுக் குலங்களுக்கும் மற்றவர்களுக்கும் நடந்த போட்டிதான் இது என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு. எனக்கு அது முழுதாகப் பொருந்தவில்லை. வூஜியின் வலக்கையான சூ சுயிலியாங் தெற்கத்திக்காரர். எனக்கு இது ஒரு பையன் பெரியவனாகி மாமன் பிடியிலிருந்து வெளியே வந்த கதை. அதற்கு வூ செதியன் துணை நின்றார்.

பனையோலை:
நீங்கள் சொல்வதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. தைசோங்குக்கும் வூஜிக்கும் இருந்தது இளமைச் சினேகம், சேர்ந்து ரத்தம் சிந்திய பந்தம். அந்த மனுவை அவரிடமே நீட்ட வைத்தது அதுதான். காவ்சோங்கிடம் அது இல்லை, கடன்பட்ட உணர்வு மட்டும் இருந்தது. 650இல் அந்தக் கடன் புதிது, ஒரு தலை விழுந்தது. 659க்குள் 653 வந்துவிட்டது, அந்த விருந்தும் வந்துவிட்டது. வூஜி இரண்டு உறவையும் ஒன்றென்று நினைத்தார்.

674இல் காவ்சோங்கே பட்டங்களைத் திருப்பிக் கொடுத்தார். பேரனுக்கு ஜாவ் பிரபு பட்டம். வூஜி உயிரோடு இருந்தபோதே தைசோங்கின் சமாதியான ஜாவ்லிங் வளாகத்தில் தனக்கென்று ஒரு கல்லறை கட்டி வைத்திருந்தார். உடலை அங்கே கொண்டுவந்து புதைக்க அனுமதி கிடைத்தது.

புதுமழை:
வூ செதியன் தன் பிறந்த வீட்டாரை எப்படி வைத்துக்கொண்டார் என்று யாராவது எழுதுவீர்களா?

வடக்குவாசல்:
முதலில் விலக்கித்தான் வைத்தார். தன்னையும் தாயையும் மதிக்காத மாற்றாந்தாய் வழி அண்ணன்மார் யுவான்சிங், யுவான்ஷுவாங் இருவரையும் தொலைதூர மாவட்டங்களுக்கு அனுப்பினார், இருவரும் அங்கேயே செத்தார்கள். பின்னால் அவர்கள் பிள்ளைகள் வூ சான்சியையும் வூ செங்சியையும் கூப்பிட்டுப் பெரிய ஆள் ஆக்கினார். அது தனிக் கதை. நாளை மறுநாள் வேறு இழையாகத் தொடங்குகிறேன். பனையோலை ஐயா, இதே போல அரண்மனை உறவால் மேலே வந்த பிற்கால அமைச்சர் யாங் குவோஜோங் பற்றி எழுதினால், தாங் அரசை உலுக்கிய 755 கலகம் வரைக்கும் தொடர்ச்சியாகப் போய்விடலாம்.